வாங்கோ என்றால் வரும் மீன்கள்

அத்தியாயம் 11

"தலையணைக்கு மேலை ஒரு சொக்லேற் வைச்சிட்டுப் போயிருக்கிறான் அண்ணை. இது நாங்கள் தின்னவோ, இல்லாட்டி எறும்புக்கோ?"

குகதாசனின் கேள்விக்குக் கட்டிலிலிருந்து ஓர் இருமல்தான் பதிலாக வந்தது.

துப்பறியும் உருத்திரமூர்த்தி கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். லண்டன் குளிரில் கோட்டுப் பொத்தானைக்கூடப் பூட்டாமல் திரிகிற மனிதர், சுவிற்சர்லாந்தில் கால் வைத்த அன்றே சளி பிடித்துப் படுத்துவிட்டார். அறையின் பெரிய ஜன்னலுக்குத் திரை இழுத்து மூடியிருந்தது. மோண்ட்ஹால்ட ஹோட்டல்காரர் அந்த அறைக்கு வாங்குகிற வாடகையில் பாதி அந்த ஜன்னலுக்குத்தான். திறந்தால் கீழே சீனத் தோட்டம், அதற்கு அப்பால் லுசேர்ண் ஏரி, அதற்கும் அப்பால் மே மாதத்திலும் பனித்தொப்பியைக் கழற்றாத பிலாத்துஸ் மலை.

"திரையைத் திறக்கட்டோ அண்ணை?"

"வேண்டாம். வெளிச்சம் கண்ணைக் குத்துது."

"வரதராசா காசு கட்டினது அந்த வெளிச்சத்துக்குத்தானே."

"அவர் காசு கட்டினது பிள்ளையைக் கண்டுபிடிக்க. நீ இன்னும் இஞ்சை நிண்டு சொக்லேற் ஆராய்ச்சி செய்யிறாய்."

வரதராசா லண்டனில் பலசரக்குக் கடைகள் வைத்திருக்கும் பெரிய புள்ளி. மனைவியைப் பறிகொடுத்தவர். ஐந்து வயது மகள் ஆரணியைப் பார்த்துக்கொள்ளச் சிவகலா என்று ஓர் ஆயாவை வைத்தார். போன வருஷம் ஒருநாள் ஆயாவையும் காணவில்லை, பிள்ளையையும் காணவில்லை. பிறகு ஒரு பயண முகவரின் கடையில், இந்த ஹோட்டலின் விளம்பரப் படமொன்று அவர் கண்ணில் பட்டது. சீனத் தோட்டத்தின் குளம், நடுவில் மண்டபம், மூலையில் குந்தியிருந்து மீன் பார்க்கும் இரட்டைப் பின்னல் சிறுமி. படம் எடுத்தவன் அவளைக் கவனிக்கவில்லை. தகப்பன் கவனித்துவிட்டார்.

குகதாசன் வரதராசாவை நேரில் பார்த்ததில்லை. எல்லாம் அண்ணை சொல்லிக் கேட்டதுதான். அண்ணை சொன்னால் அவனுக்குப் போதும்.

நான்கு வருஷத்துக்கு முன், படிப்பையும் கோட்டைவிட்டு, இருந்த அறையும் போய், லண்டன் ரயில் நிலைய வாங்குப் பலகையில் படுத்துக் கிடந்தவனைத் தட்டி எழுப்பி, "யாழ்ப்பாணத்திலை எந்தப் பக்கம்?" என்று கேட்டவர் உருத்திரமூர்த்தி. கேட்டதோடு நிற்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, அடுத்த கிழமையே தன் அலுவலகத்தில் ஒரு மேசையும் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து குகதாசன் பகிடி விடுவான், அண்ணை துப்பறிவார். வேலைப் பங்கீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த ஆயாவின்ரை படம் ஒண்டு இருந்தால் லேசு அண்ணை."

"ஆயாவை ஆரடா படம் எடுத்து வைச்சிருக்கினம்? போய்த் தோட்டத்தைப் பார். பிள்ளை நிண்ட இடம் அது. ஏதேனும் மிஞ்சியிருக்கும்."

"நீங்கள் வந்தால் ஒரு பார்வையிலை பிடிச்சிடுவியள்."

உருத்திரமூர்த்தி இன்னொரு முறை இருமினார். இருமல் கொஞ்சம் தாமதமாக வந்தது போல இருந்தது.

*

ஷாங்காயில் பட்டு வியாபாரம் செய்து திரும்பிய ஒரு சுவிஸ் முதலாளி, அங்கே பார்த்த தோட்டங்களை மறக்க முடியாமல், கல்லையும் கட்டுகிறவர்களையும் கப்பலில் வரவழைத்துக் கட்டிய தோட்டம் அது. உள்ளே போக முழுநிலாப் போல வட்டமாக வெட்டிய மதில் வாசல். வெள்ளை மதில் நெடுக மரச்சட்டம் போட்ட சின்னச் சின்ன ஜன்னல்கள்; ஒன்றின் கோலம் இன்னொன்றில் இல்லை. தண்ணீர் தின்று துளை துளையாகிப்போன பாறைகளை நிமிர்த்தி நட்டிருந்தார்கள். குளத்தைக் கடக்கும் பாலம் நேரே போகாமல் மடங்கி மடங்கிப் போனது. பேய்க்கு நேராக மட்டும்தான் நடக்கத் தெரியுமாம், மடக்குப் பாலத்தில் வந்தால் தண்ணீரில் விழுந்துவிடுமாம் என்று வரவேற்பறைப் பெண் சொல்லியிருந்தாள். "எங்கடை ஊர்ப் பேயள் சைக்கிளிலை வரும், வளைச்சு எடுத்திடும்" என்று குகதாசன் அவளுக்குச் சொல்ல நினைத்தான். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று பிடிபடவில்லை.

வந்ததிலிருந்து அவன் விசாரிக்காத ஆளில்லை. சமையலறையில் வேலை செய்யும் மரியதாஸ் மட்டும்தான் தமிழ் ஆள். நாற்பது வயதுக்காரர், அகதியாக வந்து ஜேர்மன் பாஷையையும் கரைத்துக் குடித்தவர். பின்வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இஞ்சை தமிழ்ப் பொம்பிளையளோ? நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன், தம்பி" என்று சிரித்து அனுப்பிவிட்டார். சிரித்த வாய்க்கும் பார்த்த கண்ணுக்கும் சம்பந்தமில்லாமல் இருந்ததைக் குகதாசன் குறித்துக்கொண்டான்.

குளக்கரையில் தோட்டக்காரர் மண்டியிட்டிருந்தார். சும்பூல் என்று பெயர். தாடியும் வைக்கோல் தொப்பியுமாக மலையிலிருந்து உருண்டு வந்த கல் போன்ற உருவம். ஓர் ஆங்கிலேயத் தம்பதி பயபக்தியோடு பார்த்து நிற்க, அவர் இரண்டு தரம் கை தட்டிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"வாங்கோ... வாங்கோ!"

செம்மஞ்சள் மீன்கள் எல்லாத் திசையிலிருந்தும் ஓடி வந்தன.

"சீன மொழி," என்று ஆங்கிலேயச் சீமாட்டி கணவனின் காதில் கிசுகிசுத்தாள்.

குகதாசன் குளத்துக்குள் விழாமல் இருக்க ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டான். தம்பதி நகர்ந்ததும் கிட்டப் போய் ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஐயா, மீனோடு என்ன பாஷை பேசுகிறீர்கள்?"

"சீன பாஷை." சும்பூலின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"என்ன அர்த்தம்?"

"வரச் சொல்வது."

"போகச் சொல்வதென்றால்?"

"போங்கோ."

"சாப்பிடச் சொல்ல?"

தோட்டக்காரர் ஒரு பிடி தீனியை எறிந்தார். கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "சாப்புடுங்கோ."

சீன மொழியில் இத்தனை 'ங்கோ' இருப்பது குகதாசனுக்கு அன்றுதான் தெரியும். "யார் கற்றுத் தந்தது?" என்று கேட்டதும் பெருமை மறைந்தது. "பழைய சீன மேஸ்திரி. செத்துப்போய்விட்டார்" என்றபடி சும்பூல் தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு மூங்கில் புதருக்குப் பின்னால் நடந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் குகதாசனும் நடந்தான். மூங்கிலுக்குப் பின்னால் ஒரு மர வேலி, வேலிக்கு அப்பால் தோட்டக்காரரின் சின்ன வீடு. முற்றத்துக் கொடியில் சும்பூலின் கூடாரம் போன்ற சட்டைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் கவுணும் விரல் நீளத்தில் இரண்டு சிவப்புக் காலுறையும் காய்ந்துகொண்டிருந்தன.

*

"யாழ்ப்பாணத்தார் ஆராவது மீனை 'வாங்கோ' எண்டு கூப்பிடுவினமோ அண்ணை? 'வா, வா' எண்டுதானே கூப்பிடுவம்? மீனுக்கும் மரியாதை குடுக்கிறது ஆர்? ஆரோடை கதைச்சாலும் 'ங்கோ' போட்டுக் கதைக்க வேணும் எண்டு இப்பத்தான் பழக்கப்படுற சின்னப் பிள்ளை! அந்தத் தாடிக்காரனுக்குத் தமிழ் படிப்பிச்சது ஆரணி. அவன்ரை வீட்டிலைதான் ரெண்டு பேரும் இருக்கினம்."

குகதாசன் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். உருத்திரமூர்த்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் வந்த பெருமிதத்தைப் பார்க்க அவன் ஏரியை நீந்திக்கூடக் கடந்திருப்பான்.

"மூளை எண்டால் இதுதான் மூளை, குகா. நான் போயிருந்தாலும் இதைப் பிடிச்சிருக்கமாட்டன்." அவன் தோளைத் தட்டினார். "சரி, கீழை போய் எனக்கு ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டு வா. நான் லுசேர்ண் பொலிசுக்குப் போன் அடிக்கிறன்."

தேநீருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவன் கதவைத் திறக்கும்போது, தொலைபேசியில் அவர் குரல் கேட்டது.

"...இல்லை, நீ காரை விட்டு இறங்காதை. சரி, வை, வை."

"என்ன அண்ணை, இஞ்சத்தைப் பொலிசுக்கும் அந்தப் பிள்ளை தமிழ் படிப்பிச்சிட்டுதோ?"

உருத்திரமூர்த்தி சிரித்தார். "மொழிபெயர்க்கிற ஆள் ஒருத்தன் லைனிலை நிண்டவன். கேள், குகா. பின்னேரத் தேத்தண்ணி நேரத்திலை பொலிஸ் வரும். ஹோட்டல் ஆக்களுக்கு முன்னாலை சத்தம் சலார் வேண்டாமாம். வட்ட வாசலுக்குப் பின்னாலை சாமான் லொறி வாற ஒழுங்கை இருக்கு. அதிலை கார் நிக்கும். நீ போய்ப் பிள்ளையோடை பழகி, மீன் காட்டுறன், அது காட்டுறன் எண்டு வாசலடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் சரி."

"ஆயாவை?"

"அவளைப் பொலிஸ் பாத்துக்கொள்ளும்."

"நீங்களும் வாங்கோவன் அண்ணை. கடைசிக் காட்சியிலை கதாநாயகன் இல்லாட்டி எப்பிடி?"

"சளியோடை போய் அந்தப் பிள்ளைக்கும் தொத்த வைக்கவோ? போடா."

*

வேலியடியில் குந்தியிருந்து மண்ணில் கோடு கீறிக்கொண்டிருந்த சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். இரட்டைப் பின்னல். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"வாங்கோ," என்றாள்.

"நான் மீனில்லை, பிள்ளை."

அவள் சிரித்தாள். அவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. கடத்தப்பட்ட பிள்ளை என்றால் கண்ணில் மிரட்சி இருக்கும் என்று நினைத்து வந்தவன். இவள் முகத்தில் வெயில்தான் இருந்தது. கையிலிருந்த தடியை நீட்டி, "இது பாலம். பேய் இதிலை விழுந்திடும்" என்று மண்ணில் கீறிய மடக்குக் கோட்டைக் காட்டினாள். தடியைப் பிடித்த கையின் சின்னவிரல், நுனியில் உள்பக்கமாக நன்றாகக் கோணியிருந்தது. வலது கையில் மட்டுமில்லை. மற்றக் கையிலும் அப்படியே.

"விரலுக்கு என்ன நடந்தது? விழுந்தனீங்களோ?"

"இல்லை. பிறக்கேக்கையே இப்பிடித்தான். இந்தக் கைதான் உடைஞ்சது." இடது முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். "அப்பா—"

"ஆரணி!"

ஒரு பெண் சலவைக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஹோட்டல் சலவைப் பகுதியின் நீலச் சட்டை, ஈரமான ஏப்ரன். வந்த வேகத்தில் பிள்ளையை இழுத்துத் தன்னோடு அணைத்தாள். பிள்ளையின் தோளில் பதிந்திருந்த அவளுடைய இரண்டு கைகளிலும் சின்னவிரல்கள் உள்பக்கமாகக் கோணியிருந்தன.

ஓர் ஆயா பிள்ளையைத் திருடலாம். தன்னுடைய விரலைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமோ?

"ஆர் நீங்கள்? ஆர் அனுப்பினது? அவரோ?"

குகதாசனுக்கு வழக்கமாக நாக்கு நுனியில் நிற்கும் பகிடி ஒன்றும் வரவில்லை. "இந்தப் பிள்ளை உங்கடையோ?" என்று மட்டும் கேட்டான்.

"வேறை ஆற்றையாம்? பத்து மாசம் நான் சுமந்த பிள்ளை. என்ன சொன்னவர்? கடத்திக்கொண்டு போட்டன் எண்டோ? இல்லாட்டி நான் செத்துப்போனன் எண்டோ?"

இரண்டும்தான் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"அவர் எனக்கு அடிக்கிறதை நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தனான்," என்றாள் சிவகலா. பிள்ளையின் காதைக் கையால் பொத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள். "இவளின்ரை கையை முறிச்ச அண்டைக்குத்தான் வெளிக்கிட்டனான். எடுத்த உடனை இஞ்சை ஓடி வரேல்லை. முதல் உதவி கேட்டு ஒராளிட்டைப் போனனான். லண்டனிலை துப்பறியிற பெரிய ஆள். கொழும்பிலை எங்கடை கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்ச மனிசன், நான் அண்ணை அண்ணை எண்டு கூப்பிட்ட மனிசன். அவர் தேத்தண்ணி தந்து, கவலைப்படாதை பிள்ளை, நான் பாத்துக்கொள்ளுறன், இப்ப வீட்டை போ எண்டார். நான் வீட்டை போய்ச் சேர முந்தியே என்ரை புருசனுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டார். அண்டிரவு நான் பட்டது..." பிள்ளையை இன்னும் இறுக்கினாள். "அதுக்குப் பிறகு நான் ஒரு தமிழ் ஆளையும் நம்புறதில்லை. மரியதாஸ் அண்ணையைத் தவிர."

அந்த மனிதரின் பெயரை அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயந்தான்.

"வீட்டுக்குள்ளை போங்கோ அக்கா. கதவைப் பூட்டுங்கோ. ஆர் வந்து கூப்பிட்டாலும் திறக்காதேங்கோ." போகத் திரும்பியவன் நின்றான். "நான் வந்து கூப்பிட்டாலும்."

மடக்குப் பாலத்தின் நடுவில் அவன் கால் நின்றுவிட்டது. கீழே மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. நிமிர்ந்து பார்த்தான். ஹோட்டலின் இரண்டாம் மாடியில், எல்லா ஜன்னல்களும் மலையைப் பார்த்துத் திறந்திருக்க, ஒரே ஒரு ஜன்னலில் திரை மூடிக் கிடந்தது.

சளிக்காரன் வெளிச்சத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்? ஆள் ஒளிவது யாருக்கு? தன் முகம் தெரிந்தவருக்கு மட்டும்தான். லுசேர்ண் பொலிசோடு தமிழில் கதைத்து, 'நீ' போட்டு, காரை விட்டு இறங்காதே என்று எந்தத் துப்பறிவாளன் சொல்வான்?

இல்லை. லண்டனில் துப்பறிகிற தமிழர் வேறு யாராவது இருக்கலாம். அண்ணையும் ஏமாற்றப்பட்டிருக்கலாம். வரதராசா அண்ணைக்கும் அதே பொய்யைச் சொல்லியிருக்கலாம். குகதாசன் ஒவ்வொரு 'லாம்' ஆக எண்ணிப் பார்த்தான். ஒன்றும் காலூன்றி நிற்கவில்லை. பிறகு அவன் மாடிப்படிப் பக்கம் போகாமல் சமையலறைப் பின்வாசலை நோக்கி நடந்தான்.

*

மொட்டைமாடியில் தேநீர்க் கோப்பைகளின் சத்தம் தொடங்கியபோது, உருத்திரமூர்த்தி தோட்டத்துக்கு வந்தார். கோட்டு, தொப்பி, பளபளக்கும் சப்பாத்து. ஓர் இருமலும் இல்லை. வட்ட வாசலுக்குப் பின்னால், ஒழுங்கையில் ஒரு சாம்பல் நிற மெர்சிடிஸ் இயந்திரத்தை அணைக்காமல் நின்றது. எண் தகட்டில் SH என்ற எழுத்துக்கள். சுவிஸ் காரின் முதலிரண்டு எழுத்தும் மாநிலத்தைச் சொல்லும் என்று ரயிலில் வரும்போது அண்ணைதான் அவனுக்குப் படிப்பித்தார். லுசேர்ண் கார் என்றால் LU. இது ஷாஃப்ஹவுசன் கார். ஷாஃப்ஹவுசனைத் தாண்டினால் ஜேர்மன் எல்லை.

குகதாசன் வாசலின் வட்டத்துக்குள் தனியாக நின்றான்.

"பிள்ளை எங்கை?"

"வீட்டிலை, அண்ணை. தாயோடை."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தான். 'தாயோ? தாய் செத்துப்போனாவெல்லோ?' என்று அவர் கேட்க வேண்டும். கேட்டால் போதும். அண்ணையும் ஏமாந்தவர் என்றாகிவிடும். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் காரின் கண்ணாடியை உடைக்கலாம். கேளுங்கோ அண்ணை, கேளுங்கோ என்று அவன் மனசு கெஞ்சியது.

"அவள் உன்னோடை என்ன கதைச்சவள்?" என்று கேட்டார் உருத்திரமூர்த்தி.

குகதாசன் கண்ணை மூடித் திறந்தான்.

"நீங்கள் சாட்சிக் கையெழுத்து வைச்ச கலியாணத்தைப் பற்றிக் கதைச்சவ. நீங்கள் குடுத்த தேத்தண்ணியைப் பற்றியும்."

அவர் மறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உனக்கு விளங்காது குகா. எண்பத்துமூண்டுக் கலவரத்திலை கொழும்பிலை என்ரை வீடு எரிஞ்சு, உடுத்த துணியோடை நான் நிக்கேக்கை, லண்டனிலை இருந்து ரிக்கற் அனுப்பினது வரதராசா. அவன் வந்து கேட்டால் நான் எப்பிடி மாட்டன் எண்டுறது?"

"அவவும் வந்து கேட்டவதானே?"

உருத்திரமூர்த்தி தொப்பியின் விளிம்பைத் திருகினார்.

"தகப்பனுக்குப் பிள்ளையிலை உரிமை இருந்தால் கோட்டிலை வழக்குப் போட்டிருக்கலாமே?"

"கோட்டு எண்டால் வருஷக்கணக்கிலை இழுபடும்."

"கோட்டு எண்டால் கை எப்பிடி முறிஞ்சது எண்டும் கேக்கும்." குகதாசன் வாசலின் கல்விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "என்னை ஏன் அண்ணை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் நீ வந்திருக்கமாட்டாய்." உருத்திரமூர்த்தி முதல்முறையாக அவன் கண்ணைத் தவிர்த்தார். "அவளுக்கு என்ரை முகம் தெரியும். உன்ரை முகம் தெரியாது. உன்ரை முகத்தைப் பாத்தால் ஆரும் நம்புவினம். பகிடி விட்டுச் சிரிக்க வைச்சிடுவாய். குழந்தைப் பிள்ளையும் உன்னோடை வந்திடும்."

நான்கு வருஷமாக அவன் விட்ட பகிடிகளுக்கெல்லாம் அவர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அத்தனை நாளும் அவர் தன்னை எடை போட்டுக்கொண்டு இருந்தாரோ? உடம்பில் யாரோ குளத்துத் தண்ணீரை அள்ளி ஊற்றியது போல இருந்தது.

காரின் பின்கண்ணாடி இறங்கியது. தங்க மோதிரம் போட்ட ஒரு கை வெளியே வந்து, சீக்கிரம் என்பதுபோல ஆட்டியது. குகதாசன் முதல்முறையாக வரதராசாவைப் பார்த்தான். பிள்ளைக்காக ஏங்கிய தகப்பனின் முகத்தை அவன் மனதில் கீறி வைத்திருந்தான். கண்ணாடிக்குள் தெரிந்தது, கடையில் சாமான் வரப் பிந்திவிட்டதென்று எரிச்சல்படும் முதலாளியின் முகம்.

"குகா, இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. போய்க் கதவைத் தட்டு. உனக்கெண்டால் திறப்பாள்."

"திறக்கமாட்டா அண்ணை. நான் கூப்பிட்டாலும் திறக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

மேலே தெருவில் ஒரு வாகனம் திரும்பும் சத்தம் கேட்டது. மெர்சிடிஸின் ஓட்டுநர் அவசரமாகப் பின்னுக்கு எடுத்தான். எடுக்க இடமில்லை. ஒழுங்கையின் வாயில் சும்பூல் தன் உழவு இயந்திரத்தைக் குறுக்கே விட்டு, பெட்டி நிறையப் பாறையோடு, தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். அவருக்குப் பின்னால் பொலிஸ் கார் வந்து நின்றது. அதன் தகட்டில் LU.

உருத்திரமூர்த்தி அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு உதவியாளனைப் பார்த்தார்.

"நீயோ?"

"மரியதாஸ் அண்ணைக்கு ஜேர்மன் நல்லாத் தெரியும். சமையலறையிலை ஒரு ரெலிபோன் இருக்கு." குகதாசன் கல்விளிம்பிலிருந்து கையை எடுத்தான். "பின்னேரம் பொலிஸ் வரும் எண்டு சொன்னது நீங்கள்தானே அண்ணை? உங்களைப் பொய்யன் ஆக்க எனக்கு மனம் வரேல்லை."

அவன் விட்ட பகிடிகளிலேயே அதற்குத்தான் முதல்முறையாக இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"நான் உன்னை வாங்கிலை இருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தனான், குகா. என்னைக் காட்டிக்குடுத்திட்டியே."

"ஓம். அதை நான் மறக்கேல்லை. மறந்திருந்தால் இப்பிடி நோகாது."

*

அதிகாரிகள் அதிகம் கதைக்கவில்லை. வரதராசாதான் கதைத்தார், லண்டனில் தான் யார், தனக்கு யார் யாரைத் தெரியும் என்றெல்லாம். நீதிமன்ற உத்தரவு ஏதும் உண்டா என்று கேட்டதும் அவருக்குப் பேச்சு வற்றிப்போனது. காரில் வந்தவர்களையும் உருத்திரமூர்த்தியையும் விசாரணைக்கு நிலையத்துக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று.

சிவகலாவைப் பொலிஸ்காரி ஒருத்தி தோட்டக்காரரின் வீட்டிலிருந்து கூட்டிவந்தாள். ஆரணியைச் சும்பூலின் மனைவி உள்ளேயே வைத்துக்கொண்டாள். சிவகலா காருக்குள் இருந்தவரைப் பார்க்கவில்லை. உருத்திரமூர்த்தியின் முன்னால்தான் நின்றாள்.

"நீங்களோ அண்ணை?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார். அந்த 'அண்ணை'க்கு அவர் தலை குனிந்தது.

பிறகு அவள் குகதாசனிடம் வந்தாள். பொலிசுக்கு அறிவித்தது அவன்தான் என்று மரியதாஸ் சொல்லியிருந்தார். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து அவன் கூசினான்.

"நீங்கள் இவரோடை வேலை செய்யிற ஆளாம், உண்மையோ?"

"ஓம்."

"அப்ப நாங்கள் இஞ்சை இருக்கிறதைக் கண்டுபிடிச்சுச் சொன்னதும் நீங்கள்தான்."

"எனக்குத் தெரியாது அக்கா, அவர் உங்களை ஆயா எண்டு..." அவள் கண்ணைப் பார்த்ததும் மிச்சம் வாய்க்குள்ளேயே நின்றது. "ஓம். நான்தான்."

சிவகலா தலையை ஆட்டினாள். திரும்பி, மகள் இருந்த வீட்டை நோக்கி நடந்தாள். அவள் உள்ளே போனதும் கதவைப் பூட்டும் சத்தம் மூங்கிலைத் தாண்டி வந்து கேட்டது.

குகதாசனின் வாக்குமூலத்தை ஹோட்டல் அலுவலக அறையிலேயே எடுத்தார்கள். இளம் அதிகாரி ஒருவர் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்தார். மரியதாஸ் சமையல் சட்டையோடேயே மொழிபெயர்க்க வந்தார். பெயர், பிறந்த ஊர், லண்டன் விலாசம். எத்தனை வருஷம் உருத்திரமூர்த்தியிடம் வேலை? நான்கு. குகதாசன் ஒவ்வொன்றாகச் சொன்னான். வழியில் ஒரு பகிடியும் விடவில்லை.

"அந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு எண்டு கேக்கினம், தம்பி."

குகதாசன் தட்டச்சுப் பொறியைப் பார்த்தான்.

"கூடப்பிறந்தவரோ? அண்ணை அண்ணை எண்டுறீங்கள்."

"இல்லை."

"சொந்தக்காரரோ?"

"இல்லை. தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லுங்கோ."

மரியதாஸ் சொன்னார். பொறி தட தடவென்று அடித்தது.

"நில்லுங்கோ," என்றான் குகதாசன். "அது பிழை. தெரியாத ஆள் எண்டு மாத்தச் சொல்லுங்கோ."

மரியதாஸ் அவனை வியப்போடு பார்த்தார். "நாலு வருஷம் ஒண்டா இருந்தனான் எண்டு இப்பத்தானே சொன்னனீங்கள். அவங்கள் குழம்பிப்போவாங்கள், தம்பி. ரெண்டிலை எது?"

அதிகாரி விரல்களை எழுத்துக்களின்மேல் வைத்தபடி காத்திருந்தார்.

"ரெண்டையும் எழுதச் சொல்லுங்கோ," என்றான் குகதாசன்.